பாத்திரம் பேசினால் ஆசிரியர் பேசியதாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாதம் ஒருமுறை கூடுகிற எங்கள் வாசகர் வட்டத்தில் எந்தக் கதையை எடுத்தாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறது. கதையில் வரும் ஒருவன் சாதித் திமிரோடு பேசுவான், அல்லது பெண்களை மட்டம் தட்டுவான், அல்லது வேற்றூர்க்காரனை இளக்காரம் செய்வான். உடனே கூட்டம் இரண்டாகிவிடும். ‘எழுதினவரே அப்படித்தான்’ என்று ஒரு கட்சி. ‘பாத்திரம் வேறு, ஆசிரியர் வேறு, இதுகூடத் தெரியாதா?’ என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் அவசரக்காரக் கட்சி என்பது என் எண்ணம். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

கதையில் ஒருத்தன் சாதிப் பேரைச் சொல்லித் திட்டுகிறான். மனசில் இல்லாமலா பேனாவில் வரும்?

மனதில் இருந்ததுதான் வரும். ஆனால் நாம் நம்புவது மட்டுமா மனதில் இருக்கிறது? காதில் விழுந்ததும் அங்கேதான் கிடக்கிறது. டீக்கடையில் கேட்டது, பங்காளிச் சண்டையில் கேட்டது, சம்பந்தம் பேசப் போன இடத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது எல்லாம் எழுதுகிறவருக்குச் சரக்கு. ஒரு வசைச் சொல் கதையில் இருந்தால், அந்தச் சொல் அவருக்குத் தெரியும் என்பது மட்டும் உறுதி. அதை அவர் ஒப்புக்கொள்கிறாரா என்பதற்குச் சாட்சியை வேறு இடத்தில் தேட வேண்டும். எங்கே என்பதற்குத்தான் கீழே உள்ள கேள்விகள்.

இன்னொன்று. சாதி பார்க்கிற ஊரைப் பற்றி, சாதியே பேசாத ஆட்களை மட்டும் வைத்து ஒருவர் கதை எழுதினால் அதுவும் சந்தேகத்துக்குரியதுதான். அப்படிப்பட்ட கதையால் மகிழ்ச்சியடைகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் வெள்ளைக்காரன் விமர்சனத்திலிருந்து வந்ததுதானே?

இல்லை. சங்க அகப்பாடல்களைப் புரட்டினால் ஒவ்வொன்றுக்கும் யார் கூற்று என்ற குறிப்பு இருக்கும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, பரத்தை கூற்று. யார் யார் எந்தெந்தச் சமயத்தில் பேசலாம் என்று தொல்காப்பியம் விரிவாகவே வகுத்திருக்கிறது. ஆண் புலவர் தலைவியின் வாயால் அழுவார், தாயின் வாயால் புலம்புவார். யாரும் குழம்பியதில்லை.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டு ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுபவள் பரத்தை. ‘எங்களிடத்தில் பெரிய பேச்சுப் பேசிவிட்டுப் போனவன், தன் வீட்டில் கண்ணாடிக்குள் தெரியும் பாவை மாதிரி, அவள் கையைத் தூக்கினால் தூக்குகிறான், காலைத் தூக்கினால் தூக்குகிறான்’ என்று தலைவனை நக்கல் அடிக்கிறாள். மனைவியை அவள் குறிப்பிடுவதே ‘அவன் பிள்ளைக்குத் தாய்’ என்றுதான். அந்த ஏளனத்தை வங்கனார் தலையில் கட்ட இத்தனை நூற்றாண்டில் யாருக்கும் தோன்றவில்லை.

கெட்டவன் பேசட்டும், சரி. அதுக்காக அவ்வளவு நல்லாவா எழுதணும்? உள்ளே கொஞ்சமாவது அந்த எண்ணம் இல்லாமல் அந்த வேகம் வருமா?

காரைக்குடிக்காரர்கள் இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. ஒரே பேச்சாளர் ஒரு மேடையில் கைகேயிக்காக உருகி வாதாடிவிட்டு, இன்னொரு மேடையில் அதே கைகேயியைக் கிழித்துத் தொங்கவிடுவதைக் கேட்டுக் கைதட்டி வளர்ந்தவர்கள் நாம். அவர் மனசு எந்தப் பக்கம் என்று வீடு தேடிப்போய் விசாரித்தோமா?

கம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். இராமனைத் தெய்வமாகக் கொண்டாடுகிற கவி. ஆனால் மறைந்து நின்று அம்பு விட்டதைப் பற்றி வாலி கேட்கிற கேள்விகளில் ஒன்றைக்கூட அவன் மழுங்கடிக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அந்த வழக்கு முடியாமல் நடக்கிறது. வாலிக்கு நோஞ்சான் வசனம் எழுதியிருந்தால் இராமனின் பதிலுக்கும் மதிப்பிருக்காது. வெறுப்பைப் பேசுகிறவனுக்கும் இதே நியாயம்தான். அவன் முட்டாள்தனமாக மட்டுமே பேசினால், ‘நாம் அவனைப் போல இல்லை’ என்று வாசகர் நிம்மதியாகப் படித்து முடித்துவிடுவார். அவன் பேச்சில் ஒரு கணம் நமக்கும் தலையாட்டத் தோன்றினால்தான் கதை நம்மைப் பிடிக்கிறது.

ஆனாலும் இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. வெறுப்பவனுக்கு மட்டும் வாய் கொடுத்து, வெறுக்கப்படுகிறவனை ஊமையாக நிறுத்திவிடுகிற கதைகள் உண்டு. அதைப் பின்னால் வரும் காங்கோ கதை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

‘நான்’ என்று சொல்கிற கதை என்றால் அது ஆசிரியர்தானே? வேறு யார் அங்கே இருக்கிறார்கள்?

மார்க் ட்வெயின் எழுதி 1884இல் வெளிவந்த ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் கதை சொல்வது ஹக் என்ற சிறுவன். அடிமை முறைதான் நியாயம் என்று கோயிலிலும் வீட்டிலும் சொல்லிக் கொடுத்த ஊரில் வளர்ந்தவன். தப்பியோடும் ஜிம் என்ற அடிமையோடு தெப்பத்தில் போகிறான். ஜிம்மைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது அடுத்தவர் சொத்தைத் திருடுவது, பெரிய பாவம் என்று நிஜமாகவே நம்புகிறான். காட்டிக்கொடுத்துக் கடிதமும் எழுதிவிடுகிறான். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘சரி, நான் நரகத்துக்கே போகிறேன்’ என்கிறான். ஹக் தன்னைக் கெட்டவன் என்று முடிவுகட்டுகிற அதே வரியில்தான் வாசகருக்கு அவன்மேல் மரியாதை பிறக்கிறது. இந்த இடைவெளியில் நிற்பவர்தான் ஆசிரியர். ‘நான்’ என்கிற பையனுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

அதே நாவலில் இன்னும் சின்ன இடம் ஒன்று. ஆற்றில் வந்த நீராவிப் படகில் எஞ்சின் வெடித்துவிட்டதாக ஹக் ஒரு பொய் சொல்கிறான். ‘ஐயோ, யாருக்காவது அடிபட்டதா?’ என்று கேட்கிறார் ஒரு பெண்மணி. ‘இல்லை, ஒரு கறுப்பன் செத்தான்’ என்கிறான் ஹக். ‘நல்லவேளை, சில நேரம் ஆட்களுக்கு அடிபட்டுவிடும்’ என்கிறார் அவர். அந்த அம்மாள் கொடுமைக்காரி இல்லை. வந்தவனுக்குச் சோறு போட்டு உபசரிக்கிற நல்ல மனுஷி. அதனால்தான் அந்த வரி அப்படிச் சுடுகிறது. ஆசிரியர் குறுக்கே வந்து ‘பாருங்கள், எவ்வளவு அநியாயம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் கெட்டிருக்கும்.

அப்போ கதையில் எது வந்தாலும் ஆசிரியருக்குப் பொறுப்பே இல்லையா? நல்ல தப்பிக்கும் வழியாக இருக்கிறதே!

பொறுப்பு உண்டு. பாத்திரத்தின் வாயில் இருப்பதைவிட, பாத்திரம் யாரும் பேசாத இடத்தில் வருகிற சொற்களுக்கு அவர் கூடுதலாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நல்ல உதாரணம் சார்லஸ் டிக்கன்ஸ். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837 முதல் 1839 வரை தொடராக வந்தது. அநாதைப் பிள்ளைகளைத் திருடப் பழக்கும் ஃபேகின் அதில் ஒரு யூதன். மற்ற பாத்திரங்கள் அவனை அப்படிக் கூப்பிட்டால் அது அவர்கள் குணம். ஆனால் கதை சொல்லும் குரலே நூற்றுக்கணக்கான இடங்களில் பெயரைச் சொல்லாமல் ‘அந்த யூதன்’, ‘அந்த யூதன்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறது. கதையில் இருக்கும் கிறித்தவத் திருடர்களை ஓர் இடத்திலும் ‘அந்தக் கிறித்தவன்’ என்று சொல்வதில்லை.

1863இல் எலிசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி இதைக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் முதலில் நாம் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். கதை நடக்கும் காலத்தில் அந்த மாதிரிக் குற்றவாளிகள் பெரும்பாலும் யூதர்களாகவே இருந்தார்கள் என்றார். என் கதையில் மற்ற கெட்டவர்கள் எல்லாம் கிறித்தவர்கள்தானே என்றார். ஆனால் கடிதம் உள்ளே வேலை செய்திருக்கிறது. அடுத்த நாவலில் ரயா என்ற நல்ல யூதக் கிழவரைப் படைத்தார். உண்மையான வட்டிக்காரன் ஒரு கிறித்தவன். அவன் பின்னால் இருந்துகொண்டு, பழியை வாங்க ரயாவை முன்னால் நிறுத்துகிறான். 1867 பதிப்பில் பழைய நாவலிலும் பல இடங்களில் ‘யூதன்’ என்பதை எடுத்துவிட்டு ஃபேகின் என்று மாற்றினார்.

டிக்கன்ஸ் யூதர்களை வெறுத்தாரா என்று கேட்டால், வெறுத்தவர் இப்படி மாற்றியிருக்க மாட்டார் என்பேன். யோசிக்காமல் இருந்தார். யோசிக்காமல் எழுதியதும் எழுத்தில் பதிந்துவிடும், வெறுத்து எழுதியது போலவே.

சினிமாவிலும் கதையிலும் வட்டிக்காரர் என்றால் செட்டியார்தான், கஞ்சன் என்றாலும் செட்டியார்தான். அதையும் ‘பாத்திரம்தானே’ என்று விட்டுவிடணுமா? நீயே சொல்லு.

இதைக் கேட்டவர் எங்கள் வட்டத்துக்கு வரும் செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர். அதுவரை ‘பாத்திரம் வேறு, ஆசிரியர் வேறு’ என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் அதற்கப்புறம் பேசவில்லை. அடி நம் மேல் விழும்போதுதான் இந்தக் கேள்விக்கு உயிர் வருகிறது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலக் இந்த ஊருக்கு அந்நியன் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஷைலக்கையே பார்ப்போம். 1290இல் யூதர்களை நாட்டைவிட்டு விரட்டிய இங்கிலாந்தில், முந்நூறு ஆண்டுகள் கழித்து, சுமார் 1596–97இல் எழுதப்பட்டது அந்த நாடகம். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு யூதரோடு பேசிக்கூட இருக்க மாட்டார்கள். பழைய கதைகளில் இருந்து வந்த அச்சில் வார்த்த வட்டிக்காரன்தான் அவனும். ஆனால் ஷேக்ஸ்பியர் அவனை அச்சோடு விடவில்லை. என் முகத்தில் துப்பியவனுக்கு நான் கடன் தர வேண்டுமா என்று கேட்க வைக்கிறார். எங்களைக் குத்தினால் ரத்தம் வராதா என்று கேட்க வைக்கிறார். அதற்கப்புறம் நாடகத்தின் முடிவில் அவன் சொத்தையும் மதத்தையும் பிடுங்கிவிட்டு, எல்லோரும் நிலா வெளிச்சத்தில் காதல் பேசப் போய்விடுகிறார்கள். இதனால்தான் ஷேக்ஸ்பியர் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை. 1943இல் நாஜிகள் வியன்னாவில் இதை யூத வெறுப்பு நாடகமாகவே மேடையேற்றினார்கள். ஷைலக்குக்காகக் கண்ணீர் விட வைத்த நடிகர்களும் உண்டு. பிரதி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இனி நம் கதை. நம் பக்கத்துச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய பர்மாவில் 1930களின் தொடக்கத்தில் நெல் விலை விழுந்தது. அடமானம் வைத்த நிலங்கள் அந்தக் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937இல் இருபத்தைந்து சதவீதம் ஆகிவிட்டது. நிலம் போன விவசாயிக்கு உலகச் சந்தை தெரியாது. வாசலில் நின்று வட்டி கேட்ட முகம்தான் தெரியும். அங்கே பிறந்த கதைகளிலும் கேலிச் சித்திரங்களிலும் செட்டியார் எப்படி வந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்க அதிகக் கற்பனை வேண்டாம். அதே சமயம், இங்கே நம் வீட்டு முகப்பில் உட்கார்ந்து பெரியவர்கள் சொன்ன பர்மாக் கதைகளில் பர்மாக்காரன் எப்படி வந்தான்? சோம்பேறி, ஊதாரி, வாங்கிய பணத்தைக் கூத்துக்குச் செலவழிப்பவன். அந்தக் கதைகளைச் சொன்ன ஐயாக்கள் கெட்டவர்கள் இல்லை.

ஆகவே ஆச்சிக்கு என் பதில்: ஒரு கதையில் ஒரு கஞ்சச் செட்டியார் வந்தால் அது பாத்திரம். வருகிற செட்டியார் எல்லோரும் கஞ்சர் என்றால் அது பாத்திரமே இல்லை, முன்பே செய்துவைத்த அச்சு. அதை எடுத்துப் பயன்படுத்துகிறவருக்குச் செட்டியார்கள் மேல் தனியாகக் கோபம் இருக்க வேண்டும் என்றில்லை. சோம்பல் போதும். எனக்கு இரண்டாவதுதான் அதிக எரிச்சல். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளை வருகிறார். நேதாஜியின் படையில் சேர்ந்து திரும்பிய பையனுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறார். அவர் மேல் நமக்குக் கோபம் வரும். ஆனால் அவர் ஒரு மாதிரிப் பொம்மை இல்லை. தொழிலையும் குடும்பத்தையும் பற்றி அவர் போடும் கணக்கு அவர் இடத்தில் நின்றால் புரியும்.

முடிவில் அந்தத் திமிர் பிடித்தவனுக்குத் தண்டனை கிடைத்துவிடுகிறது. அப்போ ஆசிரியர் சரியான பக்கம்தானே?

அவ்வளவு சுலபமில்லை. ஜோசப் கான்ராட் 1890இல் காங்கோவுக்குப் போய் அங்கே நடந்த கொள்ளையைக் கண்ணால் பார்த்தவர். அதை வைத்து 1899இல் ‘இருளின் இதயம்’ குறுநாவலை எழுதினார். வெள்ளைக்காரனின் பேராசையை அது கிழிக்கிறது. கொள்ளைக்காரக் கர்ட்ஸ் செத்தும் போகிறான். கதையைச் சொல்வது மார்லோ. மார்லோ சொன்னதாகச் சொல்வது இன்னொருவன். கான்ராட் இரண்டு திரைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி அமெரிக்காவில் ஓர் உரையில் இதை உடைத்தார். மார்லோவின் பார்வைக்கு மாற்றாக ஒரு பார்வைகூடக் கதைக்குள் இல்லையே, பிறகு மார்லோவையும் கான்ராடையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். கதை முழுக்க ஆப்பிரிக்கர்கள் கூட்டமாக, கையும் காலும் கூச்சலுமாக வருகிறார்கள். வாய் திறந்து பேசுவது இரண்டே இடத்தில், அதுவும் உடைந்த ஆங்கிலத்தில் ஓரிரு சொல். அச்சிபியை மறுத்துப் பேசுகிறவர்களும் நிறைய. எனக்கு அச்சிபி சொல்வது பெரும்பாலும் சரி என்றே படுகிறது. தண்டனை யாருக்குக் கிடைத்தது என்பதைவிட, பேச இடம் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் ஆசிரியரின் மனம் தெளிவாகத் தெரியும்.

நம் பக்கமும் இதற்கு விலக்கல்ல. கூற்று பற்றி மேலே பெருமையாகச் சொன்னேன். அதே தொல்காப்பியம், அடியோரும் ஏவல் செய்வோரும் ஐந்திணைக் காதலுக்குள் வருவதில்லை, அவர்கள் அதற்குப் புறத்தே உள்ள திணைகளுக்கு உரியவர்கள் என்றும் சொல்கிறது. ஒருவரையும் திட்டாமலே ஒதுக்கிவைக்க முடியும்.

கம்பன் கூனியைக் ‘கூனி’ என்றே சொல்கிறானே? உடல் குறையைச் சொல்லிக் கெட்டவள் என்கிறான். இது பாத்திரம் பேசியதில்லையே, கவி பேசியதுதானே?

இது நன்றாகப் படித்தவர் கேட்ட கேள்வி. ஆமாம், ‘இன்னல்செய் இராவணன் இழைத்த தீமைபோல், துன்னருங் கொடுமனக் கூனி தோன்றினாள்’ என்பது கவிக்கூற்று. டிக்கன்ஸ் பற்றிச் சொன்ன அளவுகோலை இங்கேயும் வைக்கத்தான் வேண்டும். நம் ஊர்க் கவி என்பதற்காக விலக்குக் கொடுக்க முடியாது. வளைந்த முதுகையும் வளைந்த மனதையும் ஒரே மூச்சில் கோத்துச் சொல்கிற வழக்கம் அந்த வரியில் இருக்கிறது.

ஆனால் கம்பன் அதோடு நிற்கவில்லை. அடுத்தே, சிறுவயதில் இராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள்மேல் அடித்ததை அவள் மனதில் வைத்திருந்தாள் என்கிறான். ஆக, கூன் முதுகு காரணமில்லை. அந்தக் கூனைக் கேலிப்பொருளாக்கிய விளையாட்டு காரணம். வெகுதூரம் தள்ளி, கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு முடிசூட்டியபின் இராமனே அறிவுரை சொல்கிறான்: ‘சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்வன செய்யல்.’ நான் அப்படி ஒரு தீமை செய்ததால்தான் கூனியால் இந்தத் துயரக் கடலில் விழுந்தேன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். கவிக்கூற்றில் போட்ட முடிச்சைக் காப்பியத் தலைவனின் கூற்றில் அவிழ்க்கிறான் கம்பன். ஒரு வரியைப் பிய்த்து எடுத்து ஆசிரியருக்குத் தீர்ப்பெழுதக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். அந்த முதல் வரி இல்லை என்று நான் சொல்லவில்லை.

‘அந்தக் காலம் அப்படி’ என்று விட்டுவிடலாமே?

அந்தக் காலம் என்பது ஒரே ஆள் இல்லை. எலிசா டேவிஸும் டிக்கன்ஸின் காலத்தவர்தான். அடிபட்டவர்கள் எல்லாக் காலத்திலும் வலிக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். காலத்தைச் சொல்லலாம், விளக்கமாக. மன்னிப்பாகச் சொன்னால், யாருடைய காலம் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆசிரியர் நிஜ வாழ்க்கையிலும் வெறுப்பாளர்தான் என்று கடிதம், பேட்டி எல்லாம் கிடைத்துவிட்டால்?

அப்போது ஊகத்துக்கு வேலை இல்லை. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கடிதங்களில் இனவெறி பச்சையாகவே இருக்கிறது. அவர் கதைகளில் வேற்றினத்தாரைக் கண்டு கூசுகிற பாத்திரங்கள் வரும்போது, அந்தக் கூச்சத்தைக் கதை ஓரிடத்திலும் கேள்வி கேட்பதில்லை. கடிதமும் கதையும் ஒத்துப்போகின்றன. உலக மிகுபுனைவு விருதுக்கு அவர் தலைச் சிலையைத்தான் கொடுத்துவந்தார்கள்; 2015இல் அதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். கதைகள் இன்னும் அச்சில் இருக்கின்றன, இருக்கட்டும்.

ஆனால் வாழ்க்கையை வைத்து அளப்பதில் ஒரு சிக்கல், ஆட்கள் மாறுவார்கள். பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கண்ணதாசன் நாத்திக மேடையில் முழங்கினார், பிறகு ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதினார். நடுவில் குடிகாரனுக்கும் துறவிக்கும் ஏமாந்தவனுக்கும் ஏமாற்றியவனுக்கும் பாட்டு எழுதினார். இதில் எந்தப் பாட்டை எடுத்து ‘இதுதான் கண்ணதாசன்’ என்பீர்கள்? சினிமாப் பாட்டு என்றால் நமக்கு இது தானாகவே புரிகிறது. நாவல் என்றதும்தான் குழம்பிப்போகிறோம்.

எங்க அப்பத்தா வீட்டு வேலைக்காரர்களைப் பேசியதை அப்படியே கதையில் எழுதினேன். இப்போ என்னைத்தான் சாதி வெறியர் என்கிறார்கள். என்ன செய்ய?

அப்பத்தா பேச்சில் கை வைக்காதீர்கள். அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் வட்டத்தில் வாசித்த வடிவத்தில் அப்பத்தா திட்டுகிறார், வேலை செய்யும் பெண் முற்றத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள், காட்சி முடிகிறது. அவளுக்குப் பெயர் இல்லை. அப்பத்தாவின் வைரத்தோடு, கண்டாங்கிச் சேலை, வெற்றிலைப் பெட்டி எல்லாம் ஒரு பக்கத்துக்கு வருகின்றன. வசனத்தைப் பார்த்து யாரும் கோபப்படவில்லை, இந்தப் பங்கீட்டைப் பார்த்துத்தான் கோபம்.

அதற்காக அந்தப் பெண்ணை எதிர்த்து வசனம் பேச வைத்துவிடாதீர்கள், அது அந்த வீட்டில் நடந்திருக்காது. இரண்டாம் கட்டில் இருந்து தண்ணீர்க் குடத்தோடு பின்கட்டுக்குப் போகும் வழியில் அவள் என்ன நினைத்தாள், யாரிடம் என்ன முணுமுணுத்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் கதை இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அந்த வசைச் சொற்களை மட்டும் அடித்துவிட்டுக் கொடுக்கலாமா?

மேலே சொன்ன ஹக் நாவலுக்கே அப்படிச் செய்தார்கள். 2011இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பு, இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும் கறுப்பர் வசையை நீக்கி ‘அடிமை’ என்று போட்டது. வகுப்பறையில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிக்குறுகும் கறுப்பினப் பிள்ளையை நினைத்துச் செய்த மாற்றம் என்பதால் எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. ஆனாலும் எஞ்சின் வெடித்த அந்த இடத்தில் ‘ஒரு அடிமை செத்தான்’ என்று வாசித்துப் பாருங்கள். பாதி விஷம் காணாமல் போய்விடும், அதோடு அந்த அம்மாளின் குற்றமும் பாதி போய்விடும்.

என் கருத்து: சின்ன வகுப்புக்கு வேறு புத்தகம் கொடுங்கள். பெரிய வகுப்புக்கு முழுசாகக் கொடுத்து, ஆசிரியர் கூடவே உட்கார்ந்து பேசட்டும். பேச நேரமில்லை, பரீட்சைக்குக் குறிப்பு மட்டும்தான் என்றால் பாடமாக வைக்கவே வேண்டாம்.

எங்கள் ஊரை, எங்கள் ஆட்களைக் கேவலமாகக் காட்டிவிட்டார் என்று வழக்குப் போடலாமா?

போடலாம், போட்டிருக்கிறார்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. நாலு வருடம் கழித்துத் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆனது. 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நாவலைத் தடை செய்ய மறுத்து, அவர் மீண்டும் எழுதட்டும் என்றது. பிடிக்காத புத்தகத்தை வாசிக்க யாருக்கும் கட்டாயமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மனம் நொந்தவர் பதில் எழுதலாம், எலிசா டேவிஸ் போலக் கடிதம் எழுதலாம், அச்சிபி போல மேடையில் போட்டு உடைக்கலாம். அவர்கள் இருவரும் போலீசுக்குப் போகாமலே சாதித்தார்கள்.

அந்தப் பேச்சு தாங்க முடியாமல் புத்தகத்தைப் பாதியிலேயே மூடிவிட்டேன். தப்பா?

தப்பில்லை. வாசிப்பு என்ன நேர்த்திக்கடனா, முடித்தே ஆக வேண்டும் என்பதற்கு? அதிலும் அந்த வசை உங்களையும் உங்கள் ஆட்களையும் நோக்கி வருகிறது என்றால், ‘கலையாகப் பாருங்கள்’ என்று உங்களுக்குப் பாடம் எடுக்க மற்றவருக்கு உரிமை இல்லை. ஆனால் எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பாதியில் மூடியவர் ‘என்னால் வாசிக்க முடியவில்லை’ என்று சொல்லலாம், ஏன் என்றும் சொல்லலாம். ஆசிரியர் இன்ன ஆள் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் முழுதும் வாசித்துவிட்டு, பக்க எண்ணோடு வர வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் புத்தகத்தையும் கையோடு கொண்டுவாருங்கள்.